தலையில்லாத மயிலும் பதினாறு சிபாரிசும்

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் ஓர் இணைய ஃபோரத்திலிருந்து ஒரே நாளில் பதினேழு பேரைத் துரத்திவிட்டார்கள். அதில் முதல் ஆள் நான். மீதிப் பதினாறு பேரும் என் சொந்தபந்தம். அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.

எங்கள் எடப்பாடிப் பக்கம் ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் யாரும் தனியாகப் போக மாட்டோம். கரண்டுக் கம்பம் சாய்ந்தாலும் பத்துப் பேர், பெண் கேட்கப் போனாலும் பத்துப் பேர். என் தம்பிக்குப் பல் பிடுங்கியபோதுகூட வேன் வைத்துத்தான் போனோம். போன இடத்திலும் விஷயத்தை எடுத்த எடுப்பில் சொல்லிவிடக் கூடாது, அது மரியாதை இல்லை. சௌக்கியம் விசாரித்து, மழை உண்டா என்று கேட்டு, காபி வந்து, டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் "அப்புறமுங்க, ஒரு சின்ன விசயமுங்க" என்று ஆரம்பிக்க வேண்டும். இந்தப் பாடத்தில் எனக்கு நூற்றுக்கு நூறு. இன்ஜினியரிங்கில் வாங்கிய மார்க்கைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

இன்ஜினியரிங் முடித்த கையோடு நான் வீட்டில் ஒரு சவடால் விட்டிருந்தேன். அப்பாவுக்கு ஆறு விசைத்தறி. சேலைக்கு டிசைன் போட சேலத்தில் ஒருவர் இருந்தார். "அவரெதுக்குப்பா, நானே கம்ப்யூட்டர்ல போட்டுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன். அதற்கென்றே இணையத்தில் ஓர் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் கிடைத்தது. அதாவது, நெசவு தெரிந்த யாரோ நாலைந்து பேர், சம்பளம் இல்லாமல், தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டு வைத்தது. அதில் டிசைன் வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் செருகினால் போதும். பெட்டி நூலைத் தூக்கி இறக்கி, வரைந்ததை அப்படியே சேலையில் கொண்டுவந்துவிடும்.

அப்பா சம்மதித்தார். ஆனால் அவர் எதையும் சும்மா சம்மதிக்கிற ஆள் இல்லை.

"சேலத்துக் கடைக்காரரு ஆடிப் பதினெட்டுக்கு முன்னால மயில் பார்டர்ல ஒரு சாம்பிள் சேலை கேட்டிருக்காரு அம்முணி. அது அவருக்குப் புடிச்சிருச்சுன்னா டிசைன் ரூமு உன்னுது. இல்லீன்னா கொண்டப்பநாயக்கன்பட்டில உங்க பெரியப்பா ஊட்டுல தங்கி பேங்க் கோச்சிங் போறே."

பேங்க் வேலையைக் குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த அறை வேண்டும். தறிக்கூடத்தை ஒட்டி, ஒரு மேசையும் ஒரு ஜன்னலும் உள்ள சின்ன அறை. அதில் நான் உட்கார்ந்து போடும் கோடு சுவருக்கு அந்தப் பக்கம் துணியாக வரும். அதை விட்டுவிட்டு ரயில் எப்போது எதிர் ரயிலைத் தாண்டும் என்று கணக்குப் போட எனக்கு மனசு இல்லை. பெரியப்பா வீட்டில் ஏழு மணிக்கு மேல் டிவியும் கிடையாது.

மயிலை ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன். சேலையின் இரண்டு ஓரத்திலும் பார்டர் வரும். இடது ஓரத்து மயிலும் வலது ஓரத்து மயிலும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும் என்பதால், இடது மயிலை அப்படியே திருப்பிப் போட்டு வலது பக்கம் வைத்தேன். மென்பொருளில் அதற்கென்று ஒரு பொத்தானே உண்டு. பென்டிரைவைச் செருகினோம், தறி ஓடியது, ஒரு முழம் நெய்ததும் அப்பா தறியை நிறுத்தச் சொன்னார். இடது பார்டரில் மயில்கள் தோகையும் கொண்டையுமாக வரிசைகட்டி நின்றன. வலது பார்டரில் ஒரு மயிலுக்கும் தலை இல்லை.

அப்பா குனிந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இக்கட்டால இருக்குறது மயிலுங்க. அக்கட்டால இருக்குறது கறிக்கடையில உரிச்சு வெச்சாப்ல இருக்குதே சாமி" என்றார்.

மயிலுக்கு மரியாதை கொடுத்தாரே தவிர எனக்குக் கொடுக்கவில்லை. தறிக்காரர் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கியதில் அவருக்குப் புரையேறிவிட்டது. நான் அறைக்குள் ஓடி, கணினியைத் திறந்து பார்த்தேன். திரையில் மயிலுக்குத் தலை இருந்தது. சேமித்துவிட்டுத் திறந்தால் இல்லை. எத்தனை முறை சேமித்தாலும் அத்தனை முறையும் இல்லை. கோளாறு என்னுடையது அல்ல, மென்பொருளுடையது. இதை நான் அப்பாவிடம் சொன்னபோது, ஆடத் தெரியாதவள் கூடத்தைக் குறை சொல்வதைக் கேட்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

சாம்பிளுக்கு இன்னும் பதினைந்து நாள்.

மென்பொருளை எழுதியவர்களுக்கு ஒரு ஃபோரம் இருந்தது. சந்தேகம் உள்ளவர்கள் அங்கே போய்க் கேட்கலாம். மேலேயே பெரிய எழுத்தில் 'கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. (படிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் 'செருப்பை இங்கே விடவும்' என்று எழுதியிருப்பதை யாராவது நின்று படிக்கிறார்களா?) நேராகப் போய், தலைப்பில் 'அவசரம், மிக அவசரம், ஐயா' என்று ஆங்கிலத்தில் போட்டு, கீழே இப்படி எழுதினேன்: 'மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமா? அங்கே மழை உண்டா? ஒரு சிறு சந்தேகம். கேட்கலாமா?'

பிறகு காபி வருவதற்காகக் காத்திருந்தேன்.

அன்று முழுக்க ஒருவரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் யாரோ ஒருவர் அந்த 'இதைப் படியுங்கள்' பக்கத்தின் இணைப்பை மட்டும் போட்டுவிட்டுப் போயிருந்தார். வணக்கத்துக்கு ஒரு வணக்கம்கூட இல்லை. எனக்கு வந்ததே கோபம்! வீடு தேடி வந்தவளை வாங்க என்று சொல்லாமல் வாசலில் மாட்டியிருக்கிற போர்டைக் காட்டுகிறார்களே, இதென்ன ஊர், இதென்ன ஜனம் என்று அம்மாவிடம் அரை மணி நேரம் புலம்பினேன். அம்மா, "அவுங்களுக்கு நம்மளைத் தெரியாதில்ல கண்ணு" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. தெரியாவிட்டால் தெரியவைத்துவிட வேண்டியதுதானே?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் போட்டேன். எனக்கு ஒரு வெளிநாட்டு ஃபோரத்தில் காரியம் ஆக வேண்டியிருக்கிறது, எல்லோரும் அங்கே கணக்குத் தொடங்கி எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள் என்று. கணக்குத் தொடங்குவது எப்படி என்று படம் போட்டு விளக்கினேன். (அந்த 'இதைப் படியுங்கள்' பக்கத்தைப் படித்திருந்தால் இதில் பாதி நேரம்தான் ஆகியிருக்கும்.) எங்கள் ஒறம்பரைகளை, அதாவது சொந்தபந்தங்களைப் பற்றி நான் பெருமையாகச் சொல்வேன். கூப்பிட்டால் வராதவர்கள் இல்லை. அரை மணி நேரத்தில் பதினாறு பேர் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

நாமக்கல்லில் ரிக் லாரி வைத்திருக்கும் சேகர் மாமா, 'போர்வெல் சிங்கம்' என்ற பெயரில், இந்தப் பெண் தங்கமான பெண், நான் கியாரண்டி, ஆவன செய்யவும் என்று எழுதினார். சங்ககிரிச் சித்தி ரோஜாப் பூ படத்தோடு காலை வணக்கம் போட்டார். (மதியம் இரண்டு மணி.) ஒரு மச்சான், எங்கள் வீட்டில் இரண்டு பேர் வக்கீல் என்பதைத் தெரிவித்துக்கொண்டார். யாருமே என்ன கோளாறு என்று எழுதவில்லை. எழுத முடியாது, ஏனென்றால் நான் அவர்களிடம் சொல்லவே இல்லை.

ஒரே ஒருவர் மட்டும் கேட்டார். மேட்டூரில் தையல் கடை வைத்திருக்கும் சுமதி அத்தை, அப்பாவின் தங்கை. அத்தைக்கு ஒரு வியாதி உண்டு. மனு போடுவது. தெருவிளக்குக்கு மனு, பஸ் நிற்காததற்கு மனு, நிற்கிற பஸ் சீக்கிரம் கிளம்பிவிடுவதற்கு மனு. கல்யாணத்தில் ரசம் ஆறியிருந்ததற்கு மண்டப மேனேஜரிடம் எழுத்து மூலமாகக் கொடுத்த ஒரே மனுஷி அவர்தான். அவர் நம்பரிலிருந்து அழைப்பு வந்தால் நாங்கள் எல்லோரும் குளித்துக்கொண்டிருப்போம்.

அன்றைக்கு எனக்கு அவர் தேவை என்பதால் எடுத்தேன். எடுத்திருக்கக் கூடாது என்று ஐந்தாவது நிமிஷம் தோன்றியது. எந்தத் தேதியில் தலை போச்சு, எத்தனை மணிக்கு, அதுக்கு முன்னால என்ன பொத்தானை அமுக்குனே, மென்பொருள் எத்தனையாம் நம்பரு, இதுக்கு முன்னால வேற யாராச்சும் இதே மாதிரி எழுதியிருக்காங்களா, பாத்தியா? போலீஸ்கூட இப்படிக் கேட்காது.

"மயிலுக்கு மட்டும் போகுதா, எதைப் போட்டாலும் போகுதா?" என்றார்.

"தெரியலீங்க அத்தை. எனக்கு மயில் இருந்தாப் போதும்."

"தெரியாம எப்படி எழுதறது? ஒரு தாமரையைப் போட்டுப் பாரு. நா போன்லயே இருக்கறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு தாமரை போட்டேன். திருப்பாமல் சேமித்தால் முழுத் தாமரை. திருப்பிச் சேமித்தால் இதழ் போய்விட்டது. ஒரு சதுரம் போடச் சொன்னார். அதிலும் ஒரு பக்கம் எட்டு வரிசை காணோம். மூன்றையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், ஆதாரமாம். எப்படியாவது போனை வைத்தால் போதும் என்று அனுப்பித் தொலைத்தேன். அன்று சாயங்காலம் அத்தையின் பதிவு வந்தது. சுத்தத் தமிழில், அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு, 'பொருள்: மயிலுக்குத் தலை வழங்கக் கோருதல் தொடர்பாக' என்று. அதைப் பார்த்ததும் எனக்குக் கணினியை மூடிவிட்டு எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. உலகமே பார்க்கிற இடத்தில் இப்படியா மானத்தை வாங்குவது!

ஒரு மணி நேரத்தில் பதினேழு கணக்கும் முடக்கப்பட்டன.

காரணம் சொல்லி எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஈவா, ஃபோரத்தைக் கவனித்துக்கொள்பவர். ஒரே வட்டாரத்திலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே விஷயத்துக்காகப் பதினேழு கணக்குகள் வந்திருப்பதால், இவை எல்லாம் ஒரே ஆள் வெவ்வேறு பெயரில் நடத்தும் போலிக் கணக்குகள் என்று கருதுகிறோம் என்று எழுதியிருந்தார்.

இதை வாட்ஸ்அப் குழுவில் சொன்னதுதான் தாமதம், குழு கொதித்துவிட்டது. விரட்டியதுகூட அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. இல்லாத ஆள் என்று சொல்லிவிட்டார்களே! சேகர் மாமா போன் போட்டார்.

"ஏனுங்க அம்முணி, நா இல்லாத ஆளா? நூத்திப் பத்துக் கிலோ இருக்கறேன். ஆதார் கார்டை அனுப்பி உடட்டுமா?"

ஆதாரைத் தடுத்துவிட்டேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா பேத்திக்குக் காதுகுத்து. எல்லோரும் எப்படியும் வருவார்கள். பந்தி முடிந்ததும் பதினேழு பேரையும் மூன்று வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு காகிதத்தில் அவரவர் கணக்குப் பெயரை எழுதி, நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தோம். போலீஸ் ஸ்டேஷனில் ஒரு குடும்பத்தையே பிடித்து வைத்த மாதிரி இருந்தது. 'போர்வெல் சிங்கம்' நடுவில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். சித்தி, பட்டுச்சேலை மறைகிறது என்று காகிதத்தை இடுப்புக்கு இறக்கிப் பிடித்தார். படத்தை ஈவாவுக்கு அனுப்பினேன்.

மறுநாளே பதில் வந்தது. அதை நான் இன்றும் வைத்திருக்கிறேன். 'நீங்கள் பதினேழு தனித்தனி மனிதர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். போலி என்று சொன்னதற்கு மன்னியுங்கள். ஆனால் பதினேழு பேரும் உண்மை என்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது' என்று ஆரம்பித்தது. அவர் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஃபோரத்தில் யார் எழுதினாலும் அவர் கைபேசிக்குத் தகவல் போகும். அன்று டியூட்டியில் இருந்தபோது கைபேசி நிற்காமல் அதிர்ந்ததில், வீட்டில் அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து வார்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே ஓடியிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் ரோஜாப் பூ.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. அவர்கள் யாருக்கும் நான் சம்பளம் கொடுக்கவில்லை. வேலை முடித்து வந்து, இருக்கிற கொஞ்ச நேரத்தில் என்னைப் போன்றவர்களுக்குப் பதில் சொல்கிறார்கள். அவர்களிடம் போய் மழை உண்டா என்று கேட்டு, பதில் வரவில்லை என்று கோபித்து, ஆள் திரட்டியிருக்கிறேன். நான் மரியாதை என்று நினைத்துச் செய்தது ஒவ்வொன்றும் அவர்கள் நேரத்தைத் தின்றிருக்கிறது. அன்றைக்குத்தான் அந்த 'இதைப் படியுங்கள்' பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். என்ன செய்தாய், என்ன வரும் என்று நினைத்தாய், என்ன வந்தது, அதை முதலில் சொல், முன்பே யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடிவிட்டுச் சொல், அவசரம் என்று எழுதாதே. இவ்வளவுதான். இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். போனில் கேட்டிருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஈவாவின் கடிதத்தின் கடைசிப் பத்தியும் அதையேதான் சொன்னது. 'உங்கள் பதினேழு பேரில் ஒருவர் எழுதியதை மட்டும் இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்தோம். அதில் சொன்னபடி செய்தோம், பத்தே நிமிடத்தில் எங்கள் கணினியிலும் தாமரையின் இதழ் காணாமல் போனது. இந்த வருடம் எங்களிடம் கேட்கப்பட்டதிலேயே சிறந்த கேள்வி அது. எனவே திருமதி சுமதியின் கணக்கை மட்டும் திறந்திருக்கிறோம். மற்றவர்கள் ஒரு மாதம் காத்திருக்கவும்.'

ஒழுங்காக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது இரண்டு பக்கம் வந்தது, பாதிக்கு மேல் சாக்குப்போக்கு. அடித்து அடித்து நாலு வரிக்குக் கொண்டுவந்து அனுப்பினேன்.

அடுத்த ஒரு வாரம் நான் அத்தையின் தயவில் வாழ்ந்தேன். ஃபோரத்துக்கு நான் எது சொல்வதென்றாலும் மேட்டூருக்குப் போன் போட்டு அத்தையிடம் சொல்ல வேண்டும். அத்தை தையல் மிஷினை நிறுத்திவிட்டு, அதை மனுவாக்கி அனுப்புவார். 'மேற்படி மயில்' என்றுதான் எழுதுவார். நான் ஒரு தரம் சீக்கிரம் பார்க்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சியதற்கு, "அவுங்க பாத்துட்டுத்தான் இருக்காங்க. நச்சு நச்சுன்னு கேட்டா நல்ல ஆபீசரும் கோவிச்சுக்குவாரு" என்று வைத்துவிட்டார். அவர் அழைப்பு வந்தால் குளிக்கப் போகிற நான், அவர் அழைப்புக்காகக் குளிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சாம்பிளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஈவா சரிசெய்த மென்பொருளை அனுப்பினார். திருப்பினேன், சேமித்தேன், திறந்தேன். தலை இருந்தது. பென்டிரைவோடு தறிக்கூடத்துக்கு ஓடும்போது அத்தை போனில் பிடித்துக்கொண்டார். சரியானதைச் சரியாகிவிட்டது என்று எழுதித் தராமல் மனுவை முடிக்க முடியாதாம், நாளைக்கு இதே கோளாறு வேறொருவருக்கு வந்தால் அவர் எதைப் பார்ப்பார்? தறி ஓட ஆரம்பித்ததும் நின்றுகொண்டே சொன்னேன், அத்தை நன்றியோடு எழுதி முடித்தார்.

அப்பா இந்தத் தடவை தறியை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு முழம், இரண்டு முழம், முழுச் சேலையும் ஓடும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு சேலையை விரித்து, வலது பார்டரை விரலால் தடவிக்கொண்டே ஒவ்வொரு மயிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி மயிலுக்கும் தலை இருந்தது. நேராக அறைக்குள் போய், ஜன்னலோரம் அடுக்கியிருந்த பழைய நூல் பெட்டிகளை எடுத்து வெளியே வைத்து, மேசையைத் துண்டால் துடைத்தார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. சேலத்துக் கடைக்காரர் வெள்ளிக்கிழமை சேலையைப் பார்த்துவிட்டு, இதே டிசைனில் இன்னும் நாலு நிறம் போடச் சொன்னார். பெரியப்பா எனக்காக வாங்கி வைத்திருந்த பேங்க் பரீட்சைப் புத்தகம் இன்றும் கொண்டப்பநாயக்கன்பட்டியில் புத்தம் புதிதாக இருக்கிறது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகின்றன. நான் இப்போதும் அந்த அறையில்தான் உட்கார்ந்து டிசைன் போடுகிறேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் ஃபோரத்தில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். 'ஐயா, ஒரு சந்தேகம் கேட்கலாமா' என்று யாராவது வந்தால் இணைப்பை மட்டும் வீசிவிட்டுப் போக மாட்டேன், முதலில் ஒரு வணக்கம் போடுவேன். மென்பொருளின் நன்றிப் பக்கத்தில் 'மயில் கோளாறைக் கண்டுபிடித்தவர்: சுமதி, மேட்டூர்' என்று இருக்கிறது. மயிலை வரைந்தவள் பெயர் எங்கும் இல்லை. இதைப் பற்றி அத்தை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் தையல் கடையில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, சட்டம் போட்டு, அளவு கொடுக்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய பெருமை 'கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள்' பக்கத்தில் இருக்கிறது. அங்கே முன்பு எட்டு விதிகள் இருந்தன. எங்களுக்குப் பிறகு ஒன்பதாவதாக ஒன்று சேர்த்தார்கள்: 'உதவி கேட்க வரும்போது உறவினர்களை அழைத்து வர வேண்டாம்.' போன வருடம் எந்த நாட்டுக்காரரோ ஒருவர், இப்படி ஒரு விதியா, இது எதற்கு என்று ஃபோரத்தில் கேட்டிருந்தார். ஈவா விளக்கம் எதுவும் எழுதவில்லை. காதுகுத்துப் படத்தை மட்டும் போட்டார்.

அந்தப் பதிலைச் சேகர் மாமா கைபேசியில் சேமித்து வைத்திருக்கிறார். எந்தக் கல்யாண மண்டபமானாலும், பக்கத்து நாற்காலிக்காரர் யாரானாலும், பந்திக்குக் கூப்பிடுவதற்குள் அதை எடுத்துக் காட்டிவிடுவார். நடுவில் நிற்கும் தன்னைத் தொட்டுக் காட்டி, பிறகு ஒன்பதாவது விதியைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்லி, எதிராளியின் முகத்தை ஒரு நிமிடம் பார்ப்பார்.

"எல்லாருக்கும் சட்டம் இருக்குதுங்க. எங்க குடும்பத்துக்குன்னே தனியா ஒரு சட்டம் போட வெச்சமுங்க. வேற யாருக்குங்க இருக்குது?"